சாம்பல்தீவில் கூடிய இரண்டு கிலோ

திருகோணமலைக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அடுத்தவர் வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கப் போனேன். அதற்கு ஒரு துறையும் சம்பளமும் உண்டு என்பதைத் தூத்துக்குடியில் இருக்கும் என் அம்மா இன்றுவரை நம்பவில்லை.

துறையின் பெயர் உடல்சார் மானிடவியல். மனித உடம்பு எந்த ஊரில் எதைத் தின்கிறது, கிடைக்காத காலத்தில் தன்னை எப்படிச் சரிக்கட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது. சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கும். செய்யும்போது, காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுக்குள் தராசோடு நுழைந்து, உலையில் போடப்போகிற அரிசியைப் பிடுங்கி நிறுத்து எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான். பிறகு வீட்டுக்காரியைப் பெரிய தராசில் ஏற்றி எடை பார்ப்பது, மேல்கைத் தோலை இடுக்கியால் கிள்ளிக் கொழுப்பு எவ்வளவு என்று அளப்பது. சாம்பல்தீவில் நான் இறங்கிய மூன்றாம் நாளே எனக்கு ‘கிள்ளுற மிஸ்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

அது எழுபதுகளின் முன்பாதி. இலங்கையில் அரிசிக்குக் கூப்பன், பாணுக்கு வரிசை. பாண் என்றால் நம்முடைய ரொட்டிதான். போன முதல் நாள் காலை, பசிக்கிறதே என்று நானும் ஒரு பேக்கரி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற தபால்காரர் கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தார். “விடிய நாலு மணிக்கு வந்து செருப்பை வரிசையில வைச்சிட்டுப் போனவராம். வந்து பாக்க ஆரோ செருப்பைக் கொண்டுபோட்டாங்களாம். இப்ப பாணும் இல்லை, செருப்பும் இல்லையாம்.” எனக்கும் பாண் கிடைக்கவில்லை. கோட்டை வாசலில் மான்கள் நம்மூர் ஆடுகள் மாதிரி குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. அவை மட்டும் எந்த வரிசையிலும் நிற்கவில்லை.

திருகோணமலையில் கடல் இரண்டு. என் அறை இருந்தது உள்துறைமுகம் பக்கம். வாடைக்காற்று அடிக்கிற மார்கழியிலும் அந்தத் தண்ணீர் சட்டியில் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடக்கும். வெளிக்கடலோ கரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் வெளிக்கடல் ஜாதி. காலில் சக்கரம் கட்டிப் பிறந்தவள். அந்த ஜன்னலருகே பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். எழுந்து பெட்டியைத் திறந்து தராசுகளை எண்ணிப் பார்ப்பேன். இரண்டுதான் இருந்தன. ஒன்று சமையல் பொருளுக்கு, ஒன்று ஆளுக்கு.

முதல் நாளே தாய்சேய் கிளினிக்கின் டாக்டரைப் பார்த்தேன். என்னை விட இரண்டு வயது இளையவராக இருப்பார். நகத்தைக் கடித்துக்கொண்டே பேசினார். “நிலாவெளி, குச்சவெளியில வேற ஆக்கள் நிறுக்கினம். சாம்பல்தீவு உங்களுக்கு. மூண்டு வீடு, மூண்டிலயும் பால் குடுக்கிற தாய்மார். பத்து நாளில படிவத்தைத் தாங்கோ. சாப்பாடு குறைவெண்டு வந்தால் ஆறு மாசத்துக்குச் சத்துமாவும் பால்மாவும் குடுப்பன். படிவத்தில மீனும் இறைச்சியும் இருந்தால் என்னால ஏலாது. மேல கேள்வி கேப்பினம்.”

பக்கத்தில் நின்ற, பிரசவம் பார்க்கிற மருத்துவமாது பிலோமினா அக்கா ஒரு அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். ஏழு மாதப் பெண் குழந்தையின் எடை அட்டை. மேலே ஏற வேண்டிய கோடு மூன்று மாதமாகப் படுத்தே கிடந்தது. “இது திரேசாவின்ர பிள்ளை. உங்கட மூண்டாவது வீடு. இந்த மா கிடைக்காட்டி இந்தப் பிள்ளை மாரி தாண்டுமோ தெரியாது” என்றார். மாரி என்றால் அங்கே மழைக்காலம். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

மறுநாள் நானும் பிலோமினா அக்காவும் சாம்பல்தீவுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் உள்ளே இடமில்லை என்று ஆளை நிறுக்கிற தராசை நடத்துனர் கூரையில் கட்டினார். அவர் கட்டியது தராசை அல்ல, கயிற்றை மட்டும் என்பது பாலத்துக்குக் கிட்டப் போனதும் தெரிந்தது. ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தது. என் தராசும் குதித்தது, பஸ்ஸை விட்டே. நான் பதறி இறங்கி மழையில் ஓடினேன். சேற்றில் குப்புறக் கிடந்ததைத் தூக்கித் துடைத்து, அங்கேயே நடுரோட்டில் ஏறி நின்று பார்த்தேன். நாற்பத்தெட்டு கிலோ. சென்னையில் புறப்படும்போது காட்டிய அதே எடை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஒரு அம்மா, “பாவம், இந்தியாவில இருந்து வந்து நடுறோட்டில நிறை பாக்கிறா” என்றார். எங்கள் துறையில் அது பைத்தியக்காரத்தனம் இல்லை. படிக்கல் கையில் இல்லாதபோது அளப்பவர் தன் உடம்பையே படிக்கல்லாக வைத்துக்கொள்வது வழக்கம். தினமும் காலையில் ஏறி நிற்க வேண்டும். முள் அதே இடத்தில் நின்றால் தராசு சரி.

மூன்று வீடுகளும் ஒட்டி ஒட்டி இருந்தன. நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. ஆனால் வாசல்கள் ஒரே பக்கம் இல்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக ஒழுங்கை என்கிற சந்து வழியாகச் சுற்றி வர வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். மழைச் சேற்றில் தராசைத் தூக்கிக்கொண்டு போக எட்டு நிமிஷம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் சந்தோஷப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். கடல் கொந்தளித்துக் கரைவலை இழுக்காத மாதம். மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், முதல் வீட்டுக் குசினியில், நம் அடுக்களைதான், ஒரு பாரை மீன் வாழையிலையில் கிடந்தது. நடு வீட்டிலும் பாரை. திரேசா வீட்டிலும் பாரை. பரவாயில்லையே, கடலம்மா இவர்களைக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். உட்காரக் கதிரையும் போட்டார்கள், நீல ஒயர் பின்னியது. மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி. ஊரில் ஒரே தச்சன் போலிருக்கிறது என்று அதையும் நினைத்துக்கொண்டேன். படித்தவளின் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

திரேசாவுக்கு இருபத்துநாலு வயது. புருஷன் அந்தோனி கரைவலை இழுக்கிற தொழிலாளி. கடலில் வலை இறக்க முடியாததால் அவன் பட்டணத்தில் விறகு பிளக்கப் போயிருந்தான், மத்தியானம் வந்துவிடுவான். திரேசா மெல்லத்தான் நடப்பாள். மெல்லத்தான் பேசுவாள். ஒரு கொத்துக் கறிவேப்பிலை பறித்துவர என் பொறுமை முழுவதையும் எடுத்துக்கொள்வாள். இந்த ஊர்ப் பெண்களுக்கு என்ன நிதானம், எனக்கு வாய்க்கவில்லையே என்று ஊருக்கு எழுதிய கடிதத்தில்கூட எழுதினேன்.

“இருங்கோ மிஸ். ஏன் நிண்டுகொண்டு நிக்கிறியள்?” என்பாள்.

“எனக்கு உக்காந்தா வேலை ஓடாதும்மா.”

“வேலை ஓடாது. நீங்கள்தான் ஓடுறியள்” என்பாள் சிரிக்காமல்.

மூன்றாவது வீடு முடியும்போது மத்தியானம் ஆகிவிடும். சாப்பிடாமல் போக விடமாட்டாள். கொடுத்தால் மறுக்காதே, மறுத்தால் நாளைக்குக் கதவு திறக்காது என்பது எங்கள் துறையில் முதல் பாடம். நான் அந்தப் பாடத்தை மிகுந்த ஈடுபாட்டோடு கடைப்பிடித்தேன். மீன் குழம்பில் அவர்கள் தேங்காய்ப்பால் விடுகிற விதமே வேறு. கூடவே சொதி. எங்கள் திருநெல்வேலிச் சீமையில் சொதி என்றால் கல்யாணத்து மறுவீட்டு விருந்து. இங்கே அது தினப்படிக் காரியம். “நீங்க சாப்பிடலையா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பேன். “அவர் வரட்டும், பேந்து சாப்பிடுவன்” என்பாள். நம் வீட்டுப் பெண்களும் சொல்கிற பதில்தானே. நான் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வேன்.

ஐந்தாம் நாள் காலை தராசில் ஏறினேன். நாற்பத்தொன்பது. ஏழாம் நாள் நாற்பத்தொன்பதரை. ஒன்பதாம் நாள் ஐம்பது. பஸ்ஸிலிருந்து விழுந்ததில் வில் தளர்ந்துவிட்டது, இத்தனை நாள் எடுத்த எடையெல்லாம் பாழ் என்று நினைத்தேன். நடத்துனரைத் திட்டினேன், பாலத்தைத் திட்டினேன். தராசைத் தூக்கிக்கொண்டு, பிலோமினா அக்காவையும் இழுத்துக்கொண்டு, கூட்டுறவுக் கடைக்குப் போனேன். அங்கே முத்திரை குத்திய இரும்புப் படிக்கல் இருக்கும்.

கடை மனேஜர் பத்திரிகையை மடக்காமலே பேசினார். “இஞ்ச கிலோ இல்லை, றாத்தல்தான்.”

இருபத்தெட்டு றாத்தல் கல் இரண்டை வாங்கித் தராசில் வைத்தேன். இருபத்தைந்தரைக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது முள். ஒரு றாத்தல் கிட்டத்தட்ட நானூற்று ஐம்பத்துநாலு கிராம் என்று மனக்கணக்குப் போட்டேன். சரி. இறக்கி மறுபடி வைத்தேன். சரி. வெறும் தராசைப் பார்த்தேன். பூஜ்யம். தராசில் ஒரு குற்றமும் இல்லை.

“அப்ப என்ன பிழை?” என்றார் பிலோமினா அக்கா.

“தராசு சரி. நான்தான் ரெண்டு கிலோ கூடியிருக்கேன்.”

மனேஜர் அப்போதுதான் பத்திரிகையை மடக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதிசயம்தான். இந்த ஊரில உடம்பு வைச்ச முதல் ஆள் நீங்கள்” என்றார்.

அவர் கேலிதான் செய்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடை வாசலில் நின்றபடியே கொப்பியைப் பிரித்தேன். இரண்டாம் நாள்: முதல் வீடு, பாரை, அறுநூற்று நாற்பது கிராம். நடு வீடு, பாரை, அறுநூற்று முப்பத்தைந்து. திரேசா வீடு, பாரை, அறுநூற்று இருபத்தெட்டு. மூன்றாம் நாள்: ஐநூற்றுப் பத்து, ஐநூற்று ஆறு, ஐநூறு. ஒவ்வொரு நாளும் அப்படியே. மூன்று வீடுகளில் மூன்று மீன்கள் இவ்வளவு ஒழுங்காக இளைக்காது. ஒரே மீன். காற்றில் ஈரம் உலர்ந்து உலர்ந்து, ஐந்தாறு கிராமாகக் குறைந்துகொண்டே வீடு வீடாக எனக்கு முன்னால் நடந்திருக்கிறது. நீலக் கதிரையின் இடது கையில் இருந்த கீறலும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வீட்டிலும் அதே இடத்தில் அதே கீறல்.

“அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?”

பிலோமினா அக்கா குடையை விரித்தார், மடக்கினார். “தெரியாமல் என்ன. கடலுக்குப் போகாமல் களப்புத் தண்ணியில வலை வீசுற ஒராள் இருக்கிறார். ஒண்டு ரெண்டு பிடிபடும். நீங்கள் வாறியள் எண்டு மூண்டு வீட்டுக்காரரும் போய்க் கதைச்சு, நாளுக்கு ஒரு மீன் கேட்டு வாங்கினவை. வேலியில ஒராள் நுழையிற அளவுக்குப் பொட்டு இருக்கு. நீங்கள் ஒழுங்கையால சுத்தி வரக்குள்ள மீனும் கதிரையும் பொட்டால போயிடும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“என்னெண்டு சொல்லுறது? வேற நாட்டில இருந்து ஒரு பொம்பிளை குசினிக்குள்ள வந்து நிக்கிறா. கிழங்கை அவிச்சுக் காட்டச் சொல்லுறியளோ? உங்கட ஊரில காட்டுவினமோ?” மறுபடி குடையை விரித்தபடி சொன்னார். “மீன் இருந்தாலும் உங்கட இடுக்கி உண்மையைச் சொல்லும், டொக்டர் அதையும் பாப்பார் எண்டு நினைச்சன். அந்த டொக்டர் சாப்பாட்டுப் படிவத்தை மட்டும்தான் பாப்பார் எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது.”

இடுக்கி சொல்லத்தான் செய்தது. திரேசாவின் கைத்தோல் முதல் நாளே மெலிந்துதான் இருந்தது. ஒன்பது நாளில் இன்னும் மெலிந்தது. மீன் தின்கிற உடம்பு ஏன் இளைக்கிறது என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு நான் சொதி சாப்பிடப் போயிருக்கிறேன். வகுப்பில் நானே நடத்துகிற பாடம் இது. பாலூட்டுகிற தாய்க்குச் சாப்பாடு போதாதபோது உடம்பு முதலில் அசைவைக் குறைக்கும். நடையை மெதுவாக்கும், எழுந்திருப்பதைத் தள்ளிப்போடும், மிச்சம் பிடித்ததைப் பாலாக்கும். நான் நிதானம் என்று பொறாமைப்பட்டதற்குப் பெயர் பசி. எனக்கு முதலில் அவர்கள் மேல் கோபம் வந்தது. அது பாதி ஒழுங்கை வரைதான் தாங்கியது. பிறகு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். நேராகத் திரேசா வீட்டுக்குப் போனேன். கதிரை இல்லை, நான் சொல்லாமல் போயிருந்தேன். அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது. குழந்தை அவள் மடியில் சத்தமில்லாமல் கிடந்தது.

“திரேசா, எனக்கு மீன் விஷயம் தெரிஞ்சுபோச்சு. உங்க படிவத்துல மீனையெல்லாம் அடிச்சிடறேன். அடிச்சாத்தான் மா கிடைக்கும்.”

அவள் முகம் இறுகியது. “வெட்டாதேங்கோ.”

“குழந்தைக்காகச் சொல்றேன்.”

“எனக்கும் பிள்ளைக்காகத்தான் கதை. நாளைக்கு அந்தத் தாளை கிளினிக்கில எல்லாருக்கும் முன்னால வாசிப்பினம். திரேசா பொய் மீன் காட்டினவள் எண்டு வரும். என்ர வீட்டில மீன் இருந்ததோ இல்லையோ? நீங்களே நிறுத்தனீங்கள். நான் காச்சினனான். இருந்ததை இல்லையெண்டு எப்பிடி எழுதுவியள்?”

அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. குசினிக்குள் நடந்தேன், வாசலுக்கு நடந்தேன், திரும்பி வந்தேன். வெட்டினால் இவள் மானம் போகும். வெட்டாவிட்டால் அட்டையில் அந்தக் கோடு படுத்தே கிடக்கும். கையில் இருந்த படிவத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்தேன். அப்போதுதான் அதன் வலது ஓரத்துக் கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது.

‘விருந்தினர் உண்டது.’

வீட்டுக்கு வந்த விருந்தாளி தின்றதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் வீட்டார் உண்டதாகக் கணக்கிட வேண்டும் என்பதற்காக அச்சடித்த கட்டம். ஒன்பது நாளும் அது வெறுமையாக இருந்தது. நான் வெறுமையாக விட்டிருந்தேன். யாராவது விருந்தாளி வந்தார்களா என்று தினமும் கேட்டு, இல்லை என்று அவர்கள் சொன்னதை நம்பி, வாயைத் துடைத்துக்கொண்டு கோடு இழுத்திருக்கிறேன். அளக்க வந்தவள் விருந்தாளி இல்லை, தராசின் இன்னொரு கைப்பிடி என்று எனக்கு நினைப்பு.

தரையில் உட்கார்ந்தேன். அவளும் அருகில் வந்து பார்த்தாள்; எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மீனின் பெயரையும் எடையையும் தொடவில்லை. அதற்கு நேராகக் கடைசிக் கட்டத்தில், ஒவ்வொரு நாளுக்கும், ‘முழுவதும்’ என்று எழுதி என் பெயரையும் எழுதிக்கொண்டே வந்தேன்.

திரேசா நிதானமாக வாசித்தாள். “ஓம். அது சரி. நீங்கள்தானே சாப்பிட்டனீங்கள்” என்றாள். பிறகு விரலை வைத்துச் சொன்னாள். “முழுவதும் இல்லை. தலை அவருக்கு வைச்சனான். பொய் எழுதக் கூடாது.”

‘தலை நீங்கலாக’ என்று திருத்தினேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. மையின் குற்றம் இல்லை.

மற்ற இரண்டு வீடுகளின் படிவங்களிலும் அதே மீனுக்கு நேராக அதே விருந்தாளியை எழுதினேன். காகிதத்தின்படி நான் ஒரு நாளைக்கு மூன்று பாரை தின்றிருந்தேன். டாக்டர் நகத்தைக் கடித்தபடி கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழே வாசித்தார்.

“இவ்வளவையும் ஆர் சாப்பிட்டது?”

“நான்தான்.”

“மூண்டு வீட்டிலயுமோ?”

“வேணும்னா நிறுத்துப் பாருங்க. ரெண்டு கிலோ கூடியிருக்கேன்.”

அவர் என்னைப் பார்த்தார், பிலோமினா அக்காவைப் பார்த்தார். பிலோமினா அக்கா சுவரைப் பார்த்தார். டாக்டர் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மூன்று பெயர்களையும் பட்டியலில் எழுதினார்.

புறப்படுகிற அன்று காலை சாமான்களைப் பட்டணத்தில் வைத்துவிட்டு, ஒருமுறை சொல்லிக்கொண்டு போகலாம் என்று சாம்பல்தீவுக்குப் போனேன். திரும்பிப் போக வேண்டிய பஸ் அரைமணியில் வரும். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று நடத்துனருக்கே தெரியாது. வாசலில் நின்றே பேசிவிட்டுக் கிளம்புவதாக இருந்தேன். திரேசா ஒரு கோப்பையை நீட்டினாள். உள்ளே ஒரு உருண்டை. கிளினிக்கில் முந்தின நாள் கொடுத்த சத்துமாவில், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிடித்தது.

“திரேசா, இது உங்களுக்கும் குழந்தைக்கும் கொடுத்தது.”

“தெரியும். கொப்பி கொண்டு வந்தனீங்களோ?”

“இல்லை. அது முடிஞ்சுபோச்சு.”

“அப்ப என்ன. சாப்பிடுங்கோ.”

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. உருண்டையைப் பிட்டேன். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை அவள் கையில் வைத்தேன். “அவர் வரட்டும்” என்று ஆரம்பித்தாள். நான் போய்த் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“பஸ் போகப்போகுது மிஸ்.”

“போகட்டும். நீங்க சாப்பிடுங்க.”

அவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, சின்னச் சின்னதாகக் கடித்துத் தின்றாள். அந்த அரை உருண்டையைத் தின்ன அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பஸ் பாலத்தைக் கடந்து போன சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.